கலம் செய்வோருக்கு மண் வேண்டி ஒரு திறந்த மடல்

கேரள எல்லையோர வட்டங்களில் களிமண் எடுக்க இசைவு வழங்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும், அப்பகுதி ஊராட்சி உறுப்பினர்களுக்கும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் 26 ஆண்டுகள் சமூக அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பகுதியில் பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். நிலப்பத்திரங்கள் மலையாளத்தில் எழுதப்படுகின்றன. பெரிய சந்தை என்றால் பொள்ளாச்சிக்குப் போகிறோம். இந்த மடலில் நான் வேண்டுவது ஒன்றுதான். கைத்திகிரியில், அதாவது கையால் சுழற்றும் குயவர் சக்கரத்தில், பாண்டம் வனையும் குடும்பங்களைச் செங்கல் சூளைகளுக்கான விதிகளிலிருந்து பிரித்து, குளங்களிலும் அணைகளிலும் படிந்த மண்ணிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை தங்கள் தேவைக்குரிய சிறிதளவு களிமண்ணை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு எளிய இசைவு தர வேண்டும். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்தில், எங்கள் ஊர்க்கோடியில் இருக்கும் குயவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரு டிராக்டர் களிமண் வழியில் நிறுத்தப்பட்டது. அந்த வீட்டின் மூத்தவரை ஊரே அக்கா என்றுதான் அழைக்கும். எழுபது வயதைக் கடந்தவர். தங்கள் முன்னோர் ஆந்திரப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று சொல்வார். வீட்டுக்குள் தெலுங்கின் சாயல் கொண்ட ஒரு பேச்சு, எங்களிடம் தமிழ், கடைவீதியில் மலையாளம் என்று மூன்றும் அவர் நாவில் இருக்கும். செங்கல் சூளைக்காரரிடம் கேட்கும் அதே சீட்டை அவரிடமும் கேட்டார்கள். அவரிடம் அது இல்லை. மண் சாலையோரத்தில் இறக்கப்பட்டது. கோடைமழையில் பாதி கரைந்தது, மீதியில் சரளை கலந்துவிட்டது. அந்த ஆண்டு மாரியம்மன் திருவிழாவுக்கு வேண்டிய அக்கினிச்சட்டிகள் வெளியூரிலிருந்து விலைக்கு வந்தன. வண்டியை நிறுத்தியவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் கையிலிருந்த விதியில் செங்கல் சூளைக்காரரும் அக்காவும் ஒரே பெயரில்தான் இருந்தார்கள். அந்தப் பெயரைப் பிரித்துத் தரும்படிதான் கேட்கிறேன்.

அக்கா மண் பார்க்கும் விதத்தை நான் பலமுறை அருகிலிருந்து கண்டிருக்கிறேன். ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, விரல் பருமனில் திரித்து, ஆள்காட்டி விரலைச் சுற்றி வளைப்பார். வளைந்த இடத்தில் வெடிப்பு விட்டால் மண்ணில் பசை போதாது. கொஞ்சம் எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்து மணலின் அளவைத் தெரிந்துகொள்வார். பசை மிகுந்த மண் தனியாக நின்றால் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் மிகுந்தால் திகிரியில் எழும்பாது. ஆகவே ஒரு குளத்து மண்ணையும் இன்னொரு மேட்டு மண்ணையும் கலந்து, கல்லும் வேரும் பொறுக்கி, காலால் மிதித்து, ஈரச்சாக்கு போர்த்திப் புளிக்க விடுவார். எந்தக் குளத்து மண்ணுக்கு எந்த மேட்டு மண் எத்தனை கூடை என்பது அவர் மாமியார் சொல்லிக் கொடுத்த கணக்கு. வேறு ஊர் மண்ணுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

திகிரியிலிருந்து அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடி கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. கழுத்தும் வாயும் தோளும் மட்டும் உருவாகி, கீழ்ப்பக்கம் திறந்து கிடக்கும். நிழலில் பாதி உலர்ந்த பிறகு அக்கா அதை மடியில் கவிழ்த்துக்கொண்டு, உட்புறம் இடக்கையால் ஒரு வழவழப்பான கல்லை அணைத்து, வெளிப்புறம் வலக்கையால் மரப்பலகை கொண்டு தட்டத் தொடங்குவார். தட்டத் தட்டத் தடித்த சுவர் மெலிந்து கீழே இறங்கி, வட்டம் குறுகிக் குறுகி, கடைசியில் ஓர் உள்ளங்கை அளவுத் துளையும் மூடிக்கொள்ளும். அவர் பெரும்பாலும் பானையைப் பார்ப்பதில்லை. ஓசையைக் கேட்டே தட்டுவார். சுவர் தடிப்பாக இருக்கும் இடத்தில் ஓசை மந்தமாக வரும், மெலிந்த இடத்தில் கணீரென்று மாறும். அடுப்பின் சூட்டை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வாங்கும் உருண்டை அடி இப்படித்தான் அமைகிறது. ஒரு பானைக்கு இந்தத் தட்டுதல் ஒரு நாளில் முடிவதில்லை. காயவிட்டுக் காயவிட்டு இரண்டு மூன்று முறை நடக்கும்.

பிறகு சூளை. வைக்கோலும் விறகும் தென்னை மட்டையும் எரிய எரிய, ஏறத்தாழ 450 முதல் 600 பாகை செல்சியசு வெப்பத்தில் களிமண்ணின் அமைப்போடு பிணைந்திருக்கும் நீர் வெளியேறிவிடுகிறது. அதுவரை அது தண்ணீரில் போட்டால் கரைகிற மண். அதன் பிறகு எத்தனை மழை பெய்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. மரம் மக்கும், துணி மக்கும், இரும்பு துருவேறும்; எழுத்தில்லாத காலத்து மனிதரின் அடுக்களையை நாம் அறிவதற்கு உடைந்த பானையோடே முதன்மையான வழியாக இருப்பது இந்த மாற்றத்தினால்தான்.

அந்த ஓடுகள் சொல்லும் கதை நான் பள்ளியில் கற்பித்ததைவிட மிக நீளமானது. மனிதர் முதலில் பயிர் செய்தார்கள், தானியத்தைச் சேமிக்கவே பானை செய்தார்கள் என்றுதான் நான் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தேன். சீனத்தின் சியாங்சி மாகாணத்தில் சியான்ரென்தோங் குகையில் கிடைத்த ஓடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அது உழவு தொடங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முந்திய, வேட்டையாடியும் பொறுக்கியும் உண்ட மக்களின் காலம். சப்பானின் மிகப் பழைய மட்கலங்களுக்கு ஜோமோன் என்று பெயர்; ஈரமண்ணில் கயிற்றை அழுத்திப் பதித்த கோலத்தால் வந்த பெயர் அது. அவற்றின் சுவரில் ஊறியிருந்த கொழுப்பை ஆராய்ந்தபோது, அவற்றில் மீன் சமைக்கப்பட்டதற்கான தடயம் கிடைத்தது. ஆகவே உலகின் மிகப் பழைய கலங்களில் சில, நம் வீட்டு மீன்சட்டி செய்யும் வேலையைத்தான் செய்திருக்கின்றன.

மெசொப்பொத்தேமியாவில் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டில், ஊருக் நகரின் காலத்தில், விளிம்பு சாய்த்த முரட்டுக் கிண்ணங்கள் அச்சில் அழுத்தி ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. உழைத்தவர்களுக்குப் படியளக்க அவை பயன்பட்டன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே பிறந்த தொடக்ககால எழுத்தில் உண்ணுதல் என்பதைக் குறிக்க ஒரு மனிதத் தலையையும் ஒரு கிண்ணத்தையும் சேர்த்து வரைந்தார்கள். எகிப்தியர் தங்கள் குனும் என்ற கடவுள் மனிதரைத் திகிரியில் வைத்து வனைந்ததாக நம்பினார்கள். அமெரிக்கக் கண்டங்களிலோ ஐரோப்பியர் வரும் வரை குயவர் திகிரியே கிடையாது. அப்படியிருந்தும் பெருவின் மோச்சே மக்கள் மனித முகங்களை அச்சு அசலாக வடித்த குடுவைகளைச் செய்திருக்கிறார்கள். கருவி ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. கைக்கெட்டும் தொலைவில் தனக்குப் பழகிய மண் இல்லாமல் எந்த ஊரிலும் இந்தத் தொழில் வளர்ந்ததாக நான் படித்ததில்லை.

தீயை ஆளும் அறிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏதென்சு நகரின் குயவர் குடியிருப்புக்குக் கெரமெய்க்கோசு என்று பெயர். இன்று உலகமே வழங்கும் செராமிக் என்ற சொல்லுக்கும் அதற்கும் ஒரே வேர். அங்கே கறுப்பு உருவங்களைச் சிவப்புக் கலத்தின் மேல் தீட்டியவர்கள் கறுப்புச் சாயம் எதையும் பயன்படுத்தவில்லை. அதே களிமண்ணை மிக நுண்மையாகக் கரைத்துத் தெளியவைத்துப் பூசினார்கள். முதலில் காற்றோட்டமாக எரித்து, பிறகு பச்சை விறகிட்டுக் காற்றை அடைத்து, மீண்டும் காற்றைத் திறந்துவிட்டார்கள். அடைத்தபோது கலம் முழுவதும் கறுத்தது. திறந்தபோது பூசாத பகுதி மட்டும் சிவப்புக்குத் திரும்பியது. பூச்சு இறுகி மூடிக்கொண்டதால் கறுப்பாகவே நின்றது. எகிப்தின் நகாதா மக்களும் உடல் சிவந்து வாய் கறுத்த கலங்களைச் செய்தார்கள். நம் தென்னாட்டுப் பெருங்கற்கால ஊர்களில் கிடைக்கும் கறுப்பு-சிவப்புக் கலங்கள் உள்ளும் வாயும் கறுத்து, வெளியே சிவந்திருக்கும். கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உட்புறம் காற்றுப் படாமல் புகையுண்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அக்கா கறிச்சட்டியைக் கறுப்பாக்கும் முறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சூளை நன்றாகச் சிவந்த பிறகு ஈர வைக்கோலும் உமியும் போட்டு, புகைபோகும் வழியையெல்லாம் சேற்றால் மெழுகி அடைத்துவிடுவார். மறுநாள் பிரித்தால் கரி நுண்துளைகளில் ஏறிய கருஞ்சட்டிகள் இருக்கும். அடைக்கும் நேரத்தை அவர் புகையின் நிறத்தைக் கொண்டு சொல்வார்.

இந்த மடலை நம் எல்லையில் இருந்து எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய்தான் சங்ககாலத்தில் மேலைக் கடற்கரையையும் கொங்கு நாட்டையும் இணைத்த வழி. கணவாய்க்குக் கிழக்கே நொய்யலாற்றங்கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கே மக்கள் தங்கள் பெயரைத் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறி வைத்த பானையோடுகள் மிகுதியாகக் கிடைத்திருக்கின்றன. மேற்கே கடலோரத்தில், முசிறித் துறைமுகமாக ஆய்வாளர் பலர் கருதும் பட்டணம் என்ற ஊரில், 2007 முதல் நடந்த அகழாய்வுகளில் உரோமானியர் மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. அவற்றில் சிலவற்றின் மண்ணில் கருநிற எரிமலை மணல் கலந்திருந்ததைக் கொண்டே, அவை இத்தாலியின் வெசூவியசு எரிமலையை ஒட்டிய பகுதியில் செய்யப்பட்டவை என்று இனங்கண்டார்கள். ஒரு சாடியின் வடிவத்தை எவரும் பார்த்துச் செய்துவிடலாம். அதன் மண் எந்த ஊரின் மண் என்பதை மறைக்க முடியாது.

எதிர்த்திசையிலும் சான்றுகள் உண்டு. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், ஒரு கோயில் முற்றத்துத் தரையில் பதித்திருந்த இந்தியப் பெருஞ்சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது, அது கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே கடற்கரையில் குசெயிர் அல்-காதிம் என்ற இடத்தில் கிடைத்த ஒரு சாடியின் ஓட்டில் தமிழி எழுத்துகள் இருந்தன. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றை ‘பானை ஒறி’ என்று படித்தார். ஒறி என்பது நம் உறிதான். பானையைத் தொங்கவிடும் கயிற்றுவலை. இதை முதலில் படித்த நாளில் எனக்கு எங்கள் பழைய வீட்டு அடுக்களை நினைவுக்கு வந்தது. உத்தரத்திலிருந்து தொங்கிய உறியில் அம்மா தயிர்ப்பானையை வைத்திருப்பார். பூனைக்கு எட்டாத உயரம், எங்களுக்கும் எட்டாத உயரம். தமிழிலும் மலையாளத்திலும் இன்றும் அதற்கு உறி என்றுதான் பெயர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து போன ஒருவர் தம் பானையின் மேல் எழுதிய சொல், எல்லைக்கு இரு பக்கத்து அடுக்களைகளிலும் வழக்கில் இருக்கிறது.

இறப்பிலும் அப்படியே. தமிழ்நாட்டில் முதுமக்கள் தாழி என்பதைக் கேரளத்தில் நன்னங்காடி என்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டி எடுத்த தாழிகளைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் நான் வகுப்பில் சொல்வதுண்டு. சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனை இழந்த ஒரு பெண், இருவருக்கும் இடம் இருக்கும்படி அகலமான தாழியாக வனைந்து தரச் சொல்லிக் குயவரிடம் கேட்கிறாள். அவரை அவள் ‘கலம்செய் கோவே’ என்று அழைக்கிறாள். என் தாயார் காலமான அன்று, விடியும் முன்பே கொள்ளிக்குடத்தைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, காசு வாங்காமல் அக்கா திரும்பிப் போனார். அந்தக் குடத்தைத் தோளில் சுமந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துளையாக மூன்று துளையிடப்பட்டு நீர் என் முதுகில் வழிய, சிதையைச் சுற்றி வந்து பின்புறமாகப் போட்டு உடைத்தவன் நான். நெகிழிக் குடத்தால் அதைச் செய்ய முடியாது.

இப்போது மண்ணின் நிலைக்கு வருகிறேன். 2008ஆம் ஆண்டில் கேரளம் இயற்றிய நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். செங்கல்லுக்காக ஆள் உயரத்துக்கும் மேல் தோண்டிக் குட்டையாக்கப்பட்ட வயல்களை நான் கண்டிருக்கிறேன். அவற்றில் மறுபடி நெல் விளையவில்லை. அந்தச் சட்டத்தைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை, வயல்களைக் குயவர்களுக்குத் திறந்துவிடும்படியும் கேட்கவில்லை. இயந்திரத்தால் அள்ளி லாரி லாரியாகக் கொண்டுபோகும் தொழிலும், மண்வெட்டியால் வெட்டி ஆண்டுக்குச் சில டிராக்டர் சுமை எடுத்து ஒரு குடும்பம் பிழைக்கும் தொழிலும் அளவில் மட்டுமல்லாமல் தன்மையிலும் வேறானவை என்பதை விதி ஏற்க வேண்டும் என்கிறேன்.

மண்ணுக்குப் பஞ்சமில்லை. மீன்கரை, சுள்ளியாறு முதலிய நம் அணைகளிலும், ஊர்தோறும் உள்ள குளங்களிலும் வண்டல் படிந்துதான் கிடக்கிறது. அதை அகற்றினால் நீர் நிற்கும் கொள்ளளவு கூடும் என்று உழவர்கள் ஒவ்வொரு கோடையிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில், ஏரி குளங்களின் வண்டலையும் களிமண்ணையும் மண்பாண்டத் தொழிலாளர் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளவும், அதற்குரிய இசைவை வட்டாட்சியர் அளவிலேயே பெறவும் வழி செய்திருக்கிறார்கள். அக்காவின் தங்கை பொள்ளாச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். ஒரே தாயிடம் ஒரே திகிரியில் கற்றவர்கள் இருவரும். தங்கைக்குக் கிடைக்கும் மண் அக்காவுக்குக் கிடைப்பதில்லை.

வெளியிலிருந்து மண்ணை விலைக்கு வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அக்கா அதையும் செய்து பார்த்தார். வந்த மண் இவர் கைக்குப் பழகாதது. எத்தனை மணல் கலந்தாலும் உலரும்போது தோள் வெடித்தது, வெடிக்காதவை சூளையில் தெறித்தன. புதுமண்ணைப் பழக ஒரு குயவர் குடும்பத்துக்கு இரண்டு மூன்று பருவம் வேண்டும். அதுவரை அடுப்பெரிய வழி வேண்டும். அவருடைய மகன் இப்போது வேறு வேலைக்குப் போகிறார். எங்கள் சித்தூர்த் தோப்புகளில் கள் இறக்க ஒரு காலத்தில் தென்னைக்குத் தென்னை மண்கலயம் தொங்கியது. நெகிழிக் கலயம் வந்தபோது குயவர்கள் இழந்தது பெரிய வாடிக்கை. அப்போதும் தொழிலை விடவில்லை. மண் கிடைக்காமல் போனால் விடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

ஆகவே நான் வேண்டுவதை இன்னும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இன்றும் திகிரி சுழலும் வீடுகளை ஊராட்சி வழியாக நேரில் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஒரு ஊருக்கு இரண்டோ மூன்றோதான் இருக்கும், அலைச்சல் பெரிதல்ல. பதிவான குடும்பத்துக்கு ஆண்டுக்கு இத்தனை சுமை என்று எல்லை வகுத்து, வண்டியில் காட்டத்தக்க ஒரு சீட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் கொடுங்கள். குளம் தூர்வாரும்போது மண்ணை அள்ளிக் கரையில் கொட்டும் முன், அந்த ஊர்க் குயவரை அழைத்து வந்து காட்டுங்கள். நல்ல களிமண் குளம் முழுவதும் இருக்காது. ஒரு மூலையில், ஒரு முழ ஆழத்தில், ஒரு படலமாக இருக்கும். இயந்திரம் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. அந்தப் படலம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் வேலையை அக்கா கூலியில்லாமல் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பட்டணத்தின் ஓடுகளையும் கீழடியின் ஓடுகளையும் பார்க்க நாம் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி அழைத்துப் போகிறோம். அதை நானும் பலமுறை செய்தேன், மகிழ்ச்சியோடு செய்தேன். ஒருமுறை திரும்பி வந்த பின், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கண்ணாடிப் பேழைக்குள் பார்த்த ஓட்டின் உட்புறத்தில் இருந்த சிறு பள்ளங்களுக்குக் காரணம் கேட்டாள். மறுநாள் அவளை அக்காவின் முற்றத்துக்கு அழைத்துப் போனேன். அக்கா ஒன்றும் சொல்லாமல், தட்டிக்கொண்டிருந்த பானையைத் திருப்பி உட்புறத்தைக் காட்டினார். அணைத்த கல் பதிந்த அதே பள்ளங்கள் அங்கே ஈரமாக இருந்தன.

எங்கள் பகுதிக் குளங்கள் மாசியில் வற்றத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் மண் வெட்டலாம். ஆனி மழைக்கு முன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மூடி வைத்தால்தான் அடுத்த ஆண்டுக்கு வேலை உண்டு. இந்த மாசிக்குள் தங்கள் விடை கிடைத்தால் அக்கா மிதிக்கும் குழியை மெழுகி வைத்துவிடுவார். பதிவு செய்ய வருபவருக்கு வீடுகளைக் காட்டவும், மலையாளப் படிவங்களைத் தமிழில் படித்துச் சொல்லி நிரப்பிக் கொடுக்கவும் நான் எந்த நாளிலும் வருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.